கச்சான் வீசும் விடுமுறைக்கு எந்த அட்டவணை?

இலங்கையில் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை முன்பு ஆகஸ்ட்டிலேயே நடக்கும். 2024, 2025 இரண்டு ஆண்டும் அது நவம்பரில் தொடங்கியதால், ஆகஸ்ட் விடுமுறைதான் பரீட்சைக்கு முந்திய கடைசி நீண்ட விடுமுறையாகிவிட்டது. திருகோணமலை உவர்மலையில் நாங்களும் அக்கா குடும்பமும் ஒரே வளவில் இருக்கிறோம். 2025 ஆகஸ்ட்டில் அந்த வளவில் மூன்று பரீட்சைக்காரர்: உயர்தரத்துக்கு என் மகளும் அக்காவின் மகனும், அதற்கு முந்திய பொதுப் பரீட்சையான சாதாரண தரத்துக்கு என் மகன். மூன்று பேரும் படிப்பையும் ஓய்வையும் மூன்று விதமாகப் பங்கு போட்டார்கள்.

அக்காவின் மகன் முதல் ஐந்து நாளும் புத்தகத்தைத் தொடுவதில்லை என்றான். பிறகு விடுமுறை முடியும்வரை படிப்பு மட்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நிலாவெளிக்குப் போனான், கிரிக்கெட் விளையாடினான், பத்து மணிவரை தூங்கினான். சிக்கல் ஆறாம் நாள் தொடங்கியது. உடம்பு பத்து மணிக்குத்தான் எழுவேன் என்று அடம்பிடித்தது. வேறு ஊரென்றால் பத்து மணிக்கு எழுந்தும் படிக்கலாம். இங்கே ஆகஸ்ட்டில் அந்த நேரத்துக்குக் கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கிவிடும். மின்விசிறியைப் போட்டால் அதே அனலை முகத்தில் அள்ளி வீசும். ஐந்து நாள் ஓய்வு எடுத்தவன், பழைய நேரத்துக்குத் திரும்ப இன்னும் நான்கு நாள் செலவழித்தான். அந்த நான்கு நாளையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

என் மகன் செமினார் என்ற பரீட்சை வகுப்புகளுக்குப் போனான். காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை மண்டபத்தில் இருப்பான். ஒரு கட்டுப் பிரதிகளோடு வீடு திரும்புவான். பெற்றோருக்கு இது பெரிய நிம்மதி. பிள்ளை படிக்கிறான் என்று நம்புவதற்குக் கையில் ரசீதே இருக்கிறது. ஆனால் கேட்பது வேறு, மீட்டல் வேறு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். செமினார் முடிந்த மாலையில் மகனுக்கு எல்லாம் விளங்கியதுபோல் இருந்ததும், அடுத்த கிழமை வெறும் தாளை முன்னால் வைத்ததும் விழித்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பாடசாலையில் ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லாத பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்குச் செமினாரை விட்டால் வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு, விளங்காத ஒரு பாடத்துக்காக இரண்டு நாள் போனால் போதும்.

மகளின் அட்டவணை வெயிலைப் பார்த்துப் போட்டது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒரு பாடம். எட்டரைக்கு, பரீட்சை மண்டபத்தில் தொடங்குவதுபோலவே, கடந்தகால வினாத்தாள்: 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம், மேசையில் ஒரு கடிகாரம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணித்தியாலம் தூக்கம். மூன்று மணிக்குப் பிழை பார்ப்பாள். ஐந்து மணிக்குப் புத்தகம் மூடிவிடும். டச்சுக் குடாக் கடற்கரைக்கு நடந்து போய், கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டு வருவாள். (காற்றுக்கும் கடலைக்கும் எங்களிடம் ஒரே பெயர்தான், ஒன்று உடம்பை வறுக்கும், மற்றது வறுபட்டு வரும்.) இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. பதின்மவயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு மதியத் தூக்கத்தையும் சேர்த்துத்தான் எட்டரை வந்தது.

ஆகஸ்ட்டைப் பொறுத்தவரை என் வாக்கு இதற்குத்தான். ஆனாலும் இந்த அட்டவணைக்கு ஒரு பகை உண்டு: விருந்தாளிகள். எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அந்த முறை கனடாவிலிருந்து தம்பி குடும்பம். இரவு பன்னிரண்டுவரை சிரிப்பும் பேச்சும் நடக்கும் வீட்டில் ஒன்பதரைக்கு யார் தூங்குவது? “மாமி வந்து மூன்று நாளாகிறது, பிள்ளை அறையைவிட்டு வரவே மாட்டாளோ” என்று தம்பியின் மனைவி கேட்டாள். தேங்காய் துருவக் கூப்பிட்டதும் மகளைத்தான். செமினாருக்குப் போன மகனை யாரும் கூப்பிடவில்லை. வீட்டிலிருந்து படிக்கும் பெண்பிள்ளையை வேலையில்லாமல் இருப்பவளாகப் பார்க்கும் பழக்கம் என்னிடமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அட்டவணைகளின் மதிப்பு தலைகீழானது நவம்பர் கடைசியில். டித்வா புயலால் பரீட்சை நடுவில் நிறுத்தப்பட்டு, மிச்சத் தாள்கள் ஜனவரிக்குப் போயின. யாரும் கேட்காத ஒரு விடுமுறை. கடற்கரைக்குப் போகும் நிலையில்லை. மகளின் மாலை நேரம் போனதும் அவளுடைய நாளே குலைந்தது. புத்தகத்தையும் விடாமல், ஓய்வும் எடுக்காமல், கைபேசியில் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவின் மகனோ ஒரு கிழமை போர்த்திக்கொண்டு தூங்கினான். புதிய திகதிகள் வந்ததும் எழுந்து உட்கார்ந்தான். வெயில் இல்லாத மாதத்தில் பத்து மணியும் ஆறு மணியும் ஒன்றுதான். அப்போது அவன் முறைதான் சரியாக இருந்தது.

அடுத்த பரீட்சைக்காரி அக்காவின் இளைய மகள். தம்பி குடும்பம் இந்த ஆகஸ்ட்டிலும் வருகிறதாம். நிலாவெளியில் அறை எடுத்துக் கொடுப்போமா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். கூடப் பிறந்தவனை விடுதியில் தங்கவைப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.