வெளிநாடு போனவர்களை வீடு வீடாகக் கேட்டு எடுத்த அறிக்கைகள்

வளைகுடா வேலையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நான் முதலில் தேடிப் போவது திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வறிக்கைகளைத்தான். காசு கட்ட வேண்டாம், இறக்கிப் படிக்கலாம். கே.சி. சக்கரியாவும் எஸ். இருதய ராஜனும் 1998இல் தொடங்கியது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள், அதுதான் இதன் பலமே. 1998இல் வெளிநாட்டில் இருந்தவர்கள் சுமார் 13.6 லட்சம், 2013இல் 24 லட்சம், 2018இல் 21 லட்சமாகக் குறைந்தது என்று ஒரே அளவுகோலில் பார்க்க முடிகிறது. இந்த வீட்டு ஆள் யார் வெளியே இருக்கிறார், யார் திரும்பி வந்துவிட்டார், அனுப்பிய பணம் எதற்குச் செலவானது என்று வாசலில் நின்று கேட்டு வாங்கிய விவரம் இது. திரும்பி வந்தவர்களைத் தனியாக எண்ணியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்களை வேறு யார் எண்ணுகிறார்கள்?

ஒரு குறை உண்டு. குடும்பத்தோடு போய் வீடு பூட்டிக் கிடந்தால் பதில் சொல்ல ஆள் இல்லை, அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அப்புறம் அட்டவணைகள் ஏராளம், புதிதாகப் படிப்பவர்கள் மாவட்டக் கணக்கில் தொடங்குங்கள், அதிகம் பேர் வெளிநாடு போன மலப்புரம் மாவட்டத்தின் வரிசையைப் பார்த்தாலே விஷயம் பிடிபடும். தமிழ்நாட்டுக்கும் 2015இல் இதே முறையில் ஒன்று எடுத்தார்கள், சரி, அதையும் தவறாமல் படியுங்கள்.