ஜூம் எச்1என்: மாணவர் படத்தின் ஒலி முழுவதையும் இது தாங்குமா?

கேமராவுக்கும் விளக்குக்கும் பணம் போன பிறகு மிச்சத்தில் ஓர் ஒலி ரெக்கார்டர் வாங்கலாம் என்று தேடும் மாணவர் குழுக்களின் கையில் அடிக்கடி வந்து சேர்வது ஜூம் எச்1என். உள்ளங்கையில் அடங்கிவிடும். தலையில் 90 டிகிரிக் கோணத்தில் குறுக்காக நிற்கும் இரண்டு மைக், ஒரு 3.5 மி.மீ. மைக் உள்ளீடு, ஹெட்போன் துளை, இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி, அவ்வளவுதான்.

குறும்படத்தில் ஒலிக்கு நான்கு வேலைகள் உண்டு: வசனம், சூழல் ஒலி, பின்னணிக் குரல், இசை. எந்தக் காட்சிக்கு எது என்று ஸ்கிரிப்டின் ஓரத்திலேயே குறித்துவைத்த குழுவுக்கு எச்1என் நல்ல துணை. கேமரா மேல் மாட்டினால் போதும் என்று இருப்பவர்களுக்கு வேண்டாம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய அமைப்புகளை முதலில் முடித்துவிடலாம். ஃபார்மேட் வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வீடியோவுக்கு வழக்கமான அளவு 48; 44.1 பாட்டு சிடிக்கான கணக்கு. இந்த அமைப்பில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி, ஒரு மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். எச்1என் ஏற்கும் உச்ச அளவான 32 ஜிபி கார்டு ஒரு குறும்படத்துக்குத் தாராளம். பதிவின் அளவைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். வசனத்தின் நடுவே நடிகர் மௌனமாகும்போது அது அறையின் இரைச்சலைத் தூக்கும், பேசத் தொடங்கியதும் கீழே தள்ளும். எடிட்டில் இதைச் சரிசெய்ய வழியே இல்லை. லெவல் சக்கரத்தைக் கையால் திருப்பி, சத்தமான வரியின் உச்சம் திரையில் தெரியும் லெவல் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொடுமாறு வைத்து, அசையாமலிருக்க மேலே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

வசனத்தில்தான் பெரும்பாலான மாணவர் படங்கள் விழுகின்றன. உள்ளே இருக்கும் மைக்குகள் அகலமாகக் கேட்பவை. தூரம் இரண்டு மடங்கானால் நடிகரின் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படிக் குறையாது. மூன்று மீட்டர் தள்ளி, கேமரா மேல் உட்கார்ந்திருக்கும் எச்1என் பதிவது வசனத்தைவிட அறையைத்தான். சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்றை 3.5 மி.மீ. உள்ளீட்டில் செருகி, ரெக்கார்டரை நடிகரின் பையிலேயே போட்டுவிடுவது நல்ல தீர்வு. பெரும்பாலான காலர் மைக்குகளுக்கு ரெக்கார்டரிலிருந்து சிறு மின்னழுத்தம் வேண்டும். மெனுவில் பிளக்-இன் பவரை ஆன் செய்யாமல் "மைக் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய. ஃபேன்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், மூன்று முள் எக்ஸ்எல்ஆர் இணைப்பு உள்ள மைக்குகளை இதில் நேரடியாக ஓட்ட முடியாது.

வயர்லெஸ் மைக்கின் ரிசீவரைச் செருகும்போது இன்னொரு பொறி. ரிசீவரின் வெளியீடு அதிகமாக இருந்தால் உள்ளீட்டு முனையிலேயே ஒலி உடைந்துவிடும். சக்கரத்தை 1-க்கு இறக்கினால் லெவல் மீட்டர் அடக்கமாகத் தெரியும், காதில் மட்டும் கரகரக்கும். சத்தம் எல்லை மீறாமல் பிடிக்கும் லிமிட்டரும் அதைக் காப்பாற்றாது. ரிசீவரின் வெளியீட்டைக் குறைத்துவிட்டு, சக்கரத்தை நடுவில் கொண்டுவாருங்கள். மீட்டரை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். மூடிய ஹெட்போனில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் நேரக்குறியான டைம்கோடு இதில் கிடையாது. ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப், கேமராவின் சொந்த மைக்கும் ஆனில். 24 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிசெகண்ட். ஒலி அந்த நேரத்தில் 14 மீட்டர்தான் போகும். தூரத்து ஷாட்டில் ஒலி கேமராவுக்குத் தாமதமாக வந்து சேர்வதால், கேமராவின் ஒலி அலையைப் பார்த்து ஒட்டவைத்தால் உதடு தப்பும். கிளாப் கட்டை மூடும் படத்தைப் பார்த்து ஒட்டுங்கள். நீண்ட டேக்குகளில் இரண்டு கருவிகளின் கடிகாரமும் மெல்ல விலகும் என்பதால் கடைசியிலும் ஒருமுறை கிளாப் அடிப்பது நல்லது.

சூழல் ஒலிக்கு எச்1என் அருமை. கையில் பிடித்தால் பிளாஸ்டிக் உடலின் உரசல் எல்லாம் உள்ளே வரும், ஸ்டாண்டில் பொருத்துங்கள். வெளியில் காற்று என்றால் ஸ்பாஞ்ச் உறை போதாது, முடி உறை வேண்டும். ஒவ்வொரு லொகேஷனிலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் ஒலியை எடுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டும் இடங்களை மூட அதைவிட்டால் வேறு பொருள் கிடையாது. இரைச்சலுக்காக ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிக்காரர்களின் பழைய பழக்கம். மறுபடி ஆன் செய்யாமல் யாரும் கிளம்ப முடியாது.

பின்னணிக் குரலுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கலாம், முறையாக வைத்தால். வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ., வாய்க்கு நேராக இல்லாமல் சற்று ஓரமாக. "ப" வரும் சொற்களில் மூச்சு மைக்கில் மோதாது. பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை, மேசையிலும் ஒரு துணி. அடித்தொனி உறுமலை வெட்டும் லோ கட் 80 ஹெர்ட்ஸ். இரண்டு மைக்கும் பக்கவாட்டில் பார்ப்பதால் நேரே பேசும் குரலின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். ரெக்கார்டரை 45 டிகிரி திருப்பி, ஒரு மைக் வாயைப் பார்க்குமாறு வைத்து, அந்த ஒரு சேனலை மட்டும் மோனோவாக எடுத்தால் "ச", "த" எல்லாம் தெளிந்து வரும். ஸ்டீரியோவாகவே விட்டால் பேசுபவர் தலையை அசைக்கும்போதெல்லாம் குரல் திரையில் இடம் மாறும்.

எழுதிய குரலை முதலில் ஃபோனில் படித்துப் பதிந்து டைம்லைனில் போட்டுப் பாருங்கள். ஷாட்டுக்கு நீளமான வரிகள் அங்கேயே தெரிந்துவிடும். வெட்டித் திருத்திய பிறகு இறுதிப் பதிவை ஒரே அமர்வில் முடியுங்கள். மறுநாள் இரண்டு வரி மட்டும் சேர்த்தால் குரலின் கனமும் தூரமும் மாறி, ஒட்டுப் போட்டது அப்பட்டமாகத் தெரியும்.

இசையில் கருவியைவிட உரிமைதான் பெரிய சிக்கல். வாங்கிய பாட்டானாலும் மெட்டுக்கு ஓர் உரிமை, அந்தப் பதிவுக்குத் தனி உரிமை. கிரியேட்டிவ் காமன்ஸ் இசையில் "என்டி" (மாற்றுப் படைப்பு கூடாது) என்ற குறி இருந்தால் தொடாதீர்கள். காட்சியோடு ஒத்திசைத்தாலே அதை மாற்றுப் படைப்பாகத்தான் அந்த உரிமம் கொள்ளும். வாசிக்கத் தெரிந்த நண்பர் இருந்தால் ஒற்றை வாத்தியத்தை ஒரு மீட்டர் தூரத்தில் எச்1என்னிலேயே பதியலாம், சுத்தமாக வரும். குரலுக்குக் கீழே ஓடும் இசையை, குரலைவிடச் சுமார் 15 டெசிபல் இறக்கித் தொடங்கி, காதால் சரிசெய்யுங்கள்.

குறைகள்: மெல்லிய ஒலிகளைத் தூக்கினால் இரைச்சல் கேட்கும், யுஎஸ்பி பழைய மைக்ரோ வகை, வெளி மைக் செருகினால் உள் மைக் அணைந்துவிடும். 2024-இல் வந்த எச்1எசென்ஷியல் மெல்லிய ஒலியையும் பெருஞ்சத்தத்தையும் ஒரே பதிவில் அடக்கும் 32 பிட் ஃப்ளோட்டில் பதிவதால் லெவல் வைக்கும் வேலையே இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கத் தனியாள் இல்லாத குழுவுக்கு அதுதான் சரி. மூன்று பேர் நடந்துகொண்டே பேசும் காட்சிகள் நிறைய என்றால் இரண்டையும் விடுங்கள். எக்ஸ்எல்ஆர் உள்ளீடுகள் உள்ள நான்கு டிராக் கருவி ஒன்றைப் படப்பிடிப்பு நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.