ஸ்டெயின்லெஸ் பிரேக் லைன் ஃப்ளேரிங்: எந்த டூல் ஒத்து வந்துச்சு, எது வரல

கனடா ஒன்டாரியோல வண்டி வச்சிருக்கவங்களுக்கு இத விளக்கவே வேணாம். குளிர் ஆரம்பிச்சு ரோட்டுல உப்பு கொட்ட ஆரம்பிச்சாங்கன்னா வசந்தம் வர்ற வரைக்கும் வண்டி அடிப்பாகம் உப்புத்தண்ணிலதான் கெடக்கும், ஸ்டீல் பிரேக் லைன் கிளிப் புடிக்கிற எடத்துல மொதல்ல துரு பூக்கும், அப்புறம் ஒரு நாள் பெடல் சொத்துனு கீழ போயிரும். அமெரிக்கால ஜிஎம் பிக்கப்புங்கள்ல, 1999ல இருந்து 2003 வரைக்கும் வந்த மாடல்ங்க, இதே துரு பிரச்சினைய என்எச்டிஎஸ்ஏ (அங்க ரோடு பாதுகாப்பு பாக்குற அரசு அமைப்பு) வருஷக்கணக்கா விசாரிச்சு 2015ல மூடிட்டாங்க. ரீகால் கெடையாது, அடிய நல்லா கழுவுங்க, லைன செக் பண்ணிக்கோங்கனு சொல்லியாச்சு. சரி நாமளே பாத்துக்குவோம்னுதான் ஸ்டெயின்லெஸ் பக்கம் வந்தேன். தினசரி ஓட்ற பழைய பிக்கப் ஒண்ணு, வெயில் காலத்துல மட்டும் வெளிய எடுக்குற 60கள் மஸ்டாங் ஒண்ணு, ரெண்டுலயும் லைன் நானே போட்டு வருஷக்கணக்கா ஓடுது, அத வச்சுத்தான் சொல்றேன்.

ஃப்ளேர்னா டியூப் வாய விரிச்சு, ஃபிட்டிங்ல கசியாம உக்கார்ற மாதிரி ஆக்குறது. அதுக்கு எல்லாரும் மொதல்ல கேக்குறது எந்த டூல் வாங்கணும்னு. அதுக்கு முன்னாடி டியூப்ப பாருங்க. 3/16 இன்ச், சுவர் கனம் 0.028 இன்ச், அனீல் பண்ணது (சூடாக்கி மிருதுவாக்குனது), சீம்லெஸ் (வெல்ட் கோடு இல்லாதது), இந்த நாலும் இருந்தாத்தான் வேலை. அனீல் பண்ணாத ஹார்ட் டியூப்ப எவ்ளோ காஸ்ட்லி டூல்ல வச்சாலும் வாய் கிழியும். சீம்லெஸ் இல்லாம வெல்டட் டியூப்னா அந்த வெல்ட் கோட்டுலயே பிளக்க வாய்ப்பு அதிகம். ஸ்டெயின்லெஸ் ரகத்துல 304 பரவால்ல, ஆனா உப்பு ஊருன்னா 316 பெட்டர், ஏன்னா ரப்பர் கிளிப்புக்கு அடில உப்பு தங்கி நின்னா 304லயும் சின்ன சின்ன குழி விழும், ஸ்டெயின்லெஸ்னா சாகாவரம்னு நெனைக்காதீங்க.

அடுத்தது வெட்டுறது. டியூப் கட்டர் போட்டு சுத்துனா வீல் அழுத்தி அழுத்தி அந்த ஓரத்த இறுக்கமாக்கிருது, ஸ்டெயின்லெஸ் அப்படித்தான், அழுத்த அழுத்த ஹார்டு ஆகிட்டே போகும், அதே ஓரத்ததான் நீங்க அடுத்து விரிக்கப் போறீங்க, அப்ப அது பிளக்காம என்ன செய்யும்? நான் இப்ப இன்ச்சுக்கு 32 பல் ஹேக்ஸா பிளேடுலதான் அறுக்குறேன், அப்புறம் நைஸ் அரம் வச்சு நேரா தேய்க்கிறது, உள்ளயும் வெளியயும் பிசிறு எடுக்குறது, ஏர் அடிச்சு தூள வெளிய தள்றது. முனை கொஞ்சம் சாய்வா இருந்தாக்கூட ஃப்ளேர் ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் ஒல்லியா வரும், நல்லா தெரியும் பாருங்க. என்னைக் கேட்டா ஃப்ளேர் நல்லா வர்றதுல பாதிக்கு மேல இந்த முனைலதான் இருக்கு.

இப்ப டூலுக்கு வருவோம். ஹார்ட்வேர் கடைல கெடைக்கிற பார் டைப், அதாவது ரெண்டு பட்டைக்கு நடுவுல டியூப்ப புடிச்சு மேல இருந்து ஸ்க்ரூவ முறுக்குறது, ஸ்டெயின்லெஸ்சுக்கு ஆகாது. பட்டை எவ்ளோ இறுக்குனாலும் டியூப் கீழ நழுவுது, நழுவக் கூடாதுன்னு இன்னும் இறுக்குனா பட்டையோட பல் டியூப்ல தடம் போடுது, அந்த தடத்துல இருந்தே பின்னாடி விரிசல் ஆரம்பிக்கலாம்.

வைஸ்ல மாட்டுற டரட் டூல், ஈஸ்ட்வுட்டோடது, 45 டிகிரி டபுள் ஃப்ளேருக்கு, அதாவது வாய உள்பக்கமா ரெண்டா மடிச்சு விரிக்கிறதுக்கு, என் கைக்கு செட் ஆனது அதான். டையி, அதாவது புடிக்கிற அச்சு, டியூப்ப நீளமா புடிக்குது, அதனால தடம் கம்மி. டரட்ட சுத்தி, அதுல ஓபின்னு நம்பர் போட்ட முனைங்கள்ல, ஓபி 0ல வச்சு நீளம் சரி பண்ணி, ஓபி 1ல மடிச்சு, ஓபி 2ல அமுக்குனா முடிஞ்சுது. டையி ரெண்டையும் பிரேக் கிளீனர் போட்டு எண்ணெப்பசை சுத்தமா இல்லாம தொடச்சுக்கணும், இல்லனா இதுலயும் நழுவும். வாய விரிக்கிற கூம்பு முனைல, அதாவது கோன்ல, மட்டும் ஒரு சொட்டு பிரேக் ஃப்ளூயிட் தடவுங்க. இன்ஜின் ஆயில் கிரீஸ் எல்லாம் வேணாம், பெட்ரோலியம் பட்டா பிரேக் சிஸ்டத்துல இருக்குற இபிடிஎம் ரப்பர் ஊதிப்போகும். ஆனா இந்த டூல வச்சிக்கிட்டு வண்டிக்கு அடில படுத்து ஒண்ணும் பண்ண முடியாது, மேஜைல மட்டும்தான். அடில வேலைன்னா கைல அடக்கமா இருக்குற ஹைட்ராலிக் கிட்தான், அமுக்குற ஃபீலே தனி, சீரா இறங்கும். என்னோடதுல கொஞ்ச வருஷத்துல பம்ப் ஓ ரிங் கசிஞ்சு மாத்த வேண்டி வந்துச்சு, பெரிய செலவு இல்ல.

இவ்ளோ சொன்னாலும், ஸ்டெயின்லெஸ்ல டபுள் ஃப்ளேர் எனக்கு முழு திருப்தி கெடையாது. ரெண்டா மடிக்கிறப்ப அந்த மெட்டல் படுற பாடு ஜாஸ்தி, லென்ஸ் வச்சு உதட்ட சுத்திப் பாத்தா சிலதுல முடி மாதிரி ஒரு கோடு தெரியும், அதுங்க நேரா குப்பைக்குத்தான். இன்னொன்னு, எதிர்ல இருக்குற பித்தளை சீட்டோட ஒட்டி உக்கார ஸ்டெயின்லெஸ் லேசுல ஒத்துக்காது. இறுக்கி, லூஸ் பண்ணி, திரும்ப இறுக்கின்னு ரெண்டு மூணு வாட்டி பண்ணாத்தான் செட் ஆகும்.

அதனாலதான் மஸ்டாங்க முழுசா 37 டிகிரி ஏஎன் (ராணுவ விமானங்களுக்குன்னு வந்த ஃபிட்டிங் ஸ்டாண்டர்ட்) சிங்கிள் ஃப்ளேருக்கு மாத்துனேன். ஒரே மடிப்பு, பின்னாடி ஸ்லீவ் ஒண்ணு தாங்கிப் புடிக்கும், நட் அந்த ஸ்லீவ தள்ளும், ஃப்ளேர் மேல நேரடி முறுக்கு விழாது. இதுக்கு நான் வச்சிருக்குற டூல் ரிட்ஜிட் 377. கோன் நடு மையத்துல இல்லாம கொஞ்சம் தள்ளி சுத்துறதால சுவர இடிக்காம உருட்டி உருட்டி விரிக்குது, விரிஞ்ச முகம் பளபளன்னு இருக்கும், கைக்கும் வலி இல்ல. வாங்குன நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் கோன்ல ஒரு கீறல் இல்ல. ஃப்ளேர் சைஸ் சரியான்னு பாக்க கேஜ் எல்லாம் தேவையில்ல, ஸ்லீவ மேல தள்ளிப் பாருங்க, ஸ்லீவோட உள்வாய முழுசா மூடணும், ஸ்லீவோட வெளி ஓரத்த தாண்டக் கூடாது, அவ்ளோதான். நட்டும் ஸ்லீவும் விரிக்கிறதுக்கு முன்னாடியே டியூப்ல ஏறியிருக்கணும், வளைவு ஃப்ளேருக்கு பக்கத்துல வரக்கூடாது, டையி புடிக்க நேர் டியூப் வேணும்ல.

இங்க ஒரு ஆபத்து இருக்கு, கவனிங்க. 3/16 லைனுக்கு 45 டிகிரி இன்வர்டட் நட்டும் (மேல சொன்ன டபுள் ஃப்ளேருக்கு போடுறது) 3/8-24 த்ரெட், அதாவது 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை, அதே 3/16 சைஸுக்கான ஏஎன் 3 நட்டும் அதே 3/8-24 த்ரெட். ஒண்ணுல இன்னொன்னு அழகா ஏறும், இறுகவும் செய்யும், ஆனா உள்ள கோணம் ரெண்டும் வேற, கசியும். மாஸ்டர் சிலிண்டர்ல அடாப்டர் போட்டு அங்க இருந்து ஏஎன்னுக்கு மாறுங்க, நடுவுல கலக்காதீங்க. 37 கைல இல்லன்னு 45 டிகிரி சிங்கிள் ஃப்ளேர் போட்டு பிரேக்ல மாட்டுறவங்களும் இருக்காங்க, அது கூடவே கூடாது, அழுத்தி பிரேக் புடிச்சா லைன்ல அழுத்தம் 1000 பிஎஸ்ஐக்கு (சதுர இன்ச்சுக்கு பவுண்டு) மேல போகும். ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் ஃபிட்டிங்கும்னா த்ரெட்ல மட்டும் கொஞ்சம் ஆன்டி சீஸ் தடவுங்க, இல்லனா ஒண்ணோட ஒண்ணு கடிச்சுக்கும், ஃப்ளேர் முகத்துல படவே கூடாது.

சரி, பிக்கப்? அதுல பின்பக்க நீள லைன் மட்டும் ஸ்டெயின்லெஸ், நல்லாத்தான் இருக்கு. அப்புறம் மாத்துன மத்த லைன் எல்லாம் குப்ரோநிக்கல், 90 பங்கு காப்பர் 10 பங்கு நிக்கல், வோல்வோ 1976லயே போட ஆரம்பிச்ச சமாச்சாரம். கைலயே வளையும், சாதா டூல்லயே ஃப்ளேர் ஆகும், சீட்டுல சட்டுனு உக்காரும், உப்புக்கும் தாங்குது. தினசரி வண்டிக்கு என் ஓட்டு அதுக்குத்தான். ஸ்டெயின்லெஸ் மெனக்கெடுற அளவுக்கு லாபம் இருக்குறது பளபளப்பு வேணுங்கிற பழைய வண்டிலயும், கல் தெறிச்சு அடி வாங்குற எடத்துலயும்தான்.

எத மாட்டுனாலும் லைன்ல சிக்குன ஏர வெளிய எடுத்து முடிச்சதும் ஒருத்தர பெடல அழுத்திப் புடிச்சுக்க சொல்லிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டயும் காஞ்ச டிஷ்யூ வச்சு தொட்டுப் பாருங்க, மறுநாள் காலைல இன்னொரு வாட்டி. அந்த பார் டைப் டூல் என்னாச்சுன்னா, ஏசி வேலை பாக்குற ஃப்ரெண்டு காப்பர் டியூப்புக்கு கேட்டான், குடுத்துட்டேன், அவனுக்கு நல்லா ஒத்து வருதாம்.