ஐவர் ஹாக்கியா, பதினொருவர் ஹாக்கியா? இளம்பெண்களுக்கு எது நல்லது?

2018 பியூனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் பெண்கள் ஆடியது ஐவர் ஹாக்கி. மொத்தமே 20 நிமிடம். சிறிய மைதானம், சுற்றிலும் தடுப்புப் பலகை. பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். பெனால்டி கார்னர் (கோல் அருகே எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் கோல் வாய்ப்பு) கிடையாது, மூச்சுவிட நேரமும் கிடையாது. இறுதியாட்டத்தின் முதல் நிமிடத்திலேயே இந்தியாவின் மும்தாஜ் கான் கோல் அடித்தார். ஆனாலும் அர்ஜென்டினா 3-1 என்று வென்றது. சலிமா டேட்டே தலைமையிலான இந்தியாவுக்கு வெள்ளி.

21 வயதுக்குட்பட்டோருக்கான ஜூனியர் உலகக் கோப்பை வேறு ரகம். பதினொரு பேர், 60 நிமிடம். பெனால்டி கார்னரை வீணடிக்கும் அணி அங்கே பிழைப்பது கஷ்டம். 2022இல் தென்னாப்பிரிக்காவில் அதே சலிமாதான் தலைவர். மும்தாஜ் 8 கோல் அடித்தார். வெண்கலத்துக்கான ஆட்டம் 2-2 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் (சமனான ஆட்டத்தில், கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஒவ்வொருவராகக் கோல் போட முயலும் முறை) இங்கிலாந்திடம் போனது. பார்க்கவே மனசு கனத்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு, பெரிய மைதானம் இல்லாத ஊர்களுக்கு, ஐவர் ஹாக்கியே சரி. பந்து அடிக்கடி கைக்கு வரும். தேசிய அணிதான் கனவு என்றால் சீக்கிரமே பதினொருவர் ஆட்டத்துக்கு மாறிவிட வேண்டும். இடம் பார்த்து நிற்பதும், நான்கு கால்பகுதிக்கும் தெம்பை மிச்சம் பிடிப்பதும் அங்கேதான் பழகும்.