மதுரை பக்கம் ஒரு நாய்க் காப்பகம்: வெள்ளச்சியைக் கூட்டி வந்து எட்டு மாதம்

மதுரையில் இருந்து நத்தம் போகிற பக்கம், தென்னந்தோப்புக்குள் இருக்கிற சின்னக் காப்பகம். பெயரைப் போடவில்லை. பெயர் வெளியே போனால் ராத்திரியோடு ராத்திரியாக கேட்டில் நாயைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் கூடிவிடுகிறார்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் அங்கிருந்து ஒரு ராஜபாளையம் பெட்டையைக் கூட்டி வந்தோம். வெள்ளச்சி என்று பெயர் வைத்தது எங்கள் அப்பத்தா.

குட்டி விற்பதற்காகவே ஒருவர் தகரக் கொட்டகையில் அடைத்து வைத்திருந்த நாய். ஐந்து வயதுக்குள் ஆறு ஈத்து. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளில் 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளுக்கே ஐந்துதான் என்று இருக்கிறது. அதை அந்த ஆள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் சிமெண்டில் படுத்துப் படுத்து அவளுக்கு இரண்டு முழங்கையிலும் முடி போய், தோல் செருப்பின் அடிப்பக்கம் மாதிரி காய்த்திருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் பாதி தேய்ந்திருந்தன. முதல் தடவை அந்த முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை.

காப்பகத்தில் எதையும் பூசி மெழுகாமல் சொன்னார்கள், எனக்கு முதலில் பிடித்தது அதுதான். கருப்பையில் சீழ் கோத்திருந்ததை எடுத்து, அதோடு கருத்தடையும் முடித்து, உண்ணிக் காய்ச்சலுக்கு 28 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்து, வெறிநாய் தடுப்பூசி போட்ட சீட்டு வரை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தார்கள். நாய்க்கு விலை கிடையாது. மருத்துவச் செலவுக்கு முடிந்ததைக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம், ரசீதும் வந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வந்த மூன்றாம் நாள், சமையலறை வாசலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், பக்கத்திலேயே குக்கர் விசில் அடித்தது, காதுகூட அசையவில்லை. அப்புறம் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தோம், அப்போதுதான் எழுந்தாள், அதுவும் அதிர்வில். காது சுத்தமாகக் கேட்காது. காப்பகத்தில் கேட்டால், கூப்பிட்டுத் திரும்பாததைப் பயம் என்று நினைத்துவிட்டோம் என்றார்கள். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு, அந்த முழு வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வருவது அது, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்க்கிறவர்களால் இன்னும் கூடுகிறது. இந்த ஊர்ப் பக்கம் நாய் மீட்கிறவர்கள் முதல் நாளே சோதித்திருக்க வேண்டும். ஆனால் திருப்பிக் கொடுக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மறுநாளே ஆள் அனுப்பினார்கள். தூங்கும்போது பின்னால் இருந்து தொடாதீர்கள், காலால் தரையைத் தட்டி எழுப்புங்கள், சாப்பாட்டுக்கு ஒரு சைகை, 'வா'வுக்கு ஒரு சைகை, இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு வரை அதுதான் கை கொடுக்கிறது. தீபாவளி வெடிக்குத் தெரு நாய்கள் எல்லாம் ஓடி ஒளிய, இவள் மொட்டை மாடிப் படியில் நிம்மதியாகப் படுத்திருந்தாள்.

அந்தப் படியில் ஏற அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. படி என்றால் என்னவென்றே தெரியாது, புல்லில் கால் வைக்கவும் பயம். படுத்த இடத்திலேயே சிறுநீர் போவாள், கொட்டகையில் வேறு வழி இருந்திருக்காது. முதல் மூன்று வாரம் பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால்தான் இருப்பு, நாங்கள் எல்லோரும் படுத்த பிறகுதான் சாப்பாடு. யாரும் போய்க் கொஞ்சாதீர்கள், அவளாக வரட்டும் என்று காப்பகத்தில் சொன்னதை அப்பத்தா மட்டும் அப்படியே கடைப்பிடித்தார். தினமும் மூன்று மணிக்கு பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்வார், திரும்பியே பார்க்க மாட்டார், தயிர்ச்சோறு உருண்டை ஒன்றைப் பின்பக்கம் வைத்துவிடுவார். 19-ஆம் நாள் வெள்ளச்சி வெளியே வந்து முந்தானை நுனியை மோந்து பார்த்தாள். அப்பத்தா கீரையில் இருந்து கையை எடுக்கவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர்.

போக நினைப்பவர்கள் சனிக்கிழமை காலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க மாட்டார்கள். தோப்புக்குள் கடைசிக் கொஞ்ச தூரம் மண் பாதை, மழை பெய்தால் கார் சிக்கும். குட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல் உள்ளே கடைசி வரிசை வரை பாருங்கள், வயதான தாய் நாய்கள் அங்கேதான் இருக்கும். வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அப்பத்தா வரவில்லை என்று எங்களை முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.