பயோவாஷ் குடுக்கறவங்க கவனிங்க: என்ற 420 கிலோ துணி போன கதை

திருப்பூர்ல சின்னதா டி-ஷர்ட் யூனிட் வெச்சு ஓட்டறவங்க இத முழுசா படிச்சிருங்க, ரெண்டு மாசமா வெசனத்துலயே கெடந்துட்டு இப்பத்தான் எழுதறேன்.

நமக்கு அனுப்பர்பாளையம் பக்கம் 12 மெஷின். பெங்களூர் பார்ட்டிக்கு கிரே மெலஞ்ச் ரவுண்ட் நெக் ஆர்டர், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி, டி-ஷர்ட்டுக்கு போடற மெல்லிசு பின்னல் துணிதான். நூல்லயே கலர் இருக்கறதால சாயம் கெடையாது, பயோவாஷ் (என்சைம் போட்டு துணி மேல இருக்கற பிசிற எடுக்கறது), சாஃப்ட்னர், காம்பாக்டிங் (துணிய அமுக்கிச் சுருக்கி செட் பண்றது) அவ்வளவுதான். எப்பவும் குடுக்கற எடத்துல லாட் நெறைய நிக்குதுன்னு, கிலோவுக்கு 4 ரூவா கம்மி பண்ணித்தாரேன்னு சொன்ன ஒரு புது வாஷிங் யூனிட்டுக்கு 420 கிலோவ அனுப்பிச்சுட்டேன். யூனிட் பேர் இங்க போடலீங்க.

துணி வந்துச்சு, தொட்டா அவ்ளோ மெதுமெதுன்னு இருக்குது, பஞ்சு பிசிறு ஒண்ணு இல்ல. ஆனா எடை 381 கிலோதான். 39 கிலோ எங்கீங்கண்ணான்னு கேட்டா, ப்ராசஸ் லாஸ்ங்க தம்பி, மெலஞ்சுன்னா அப்படித்தான் வரும்னுட்டாரு. நானும் ஜிஎஸ்எம் கட்டர்ல ஒரு வட்டம் வெட்டி எடை போட்டு பாத்தேன், கரெக்டா 180 நின்னுச்சு, சரின்னு கட்டிங்குக்கு போட்டுட்டேன். அங்கதான் ஏமாந்ததுங்க. காம்பாக்டிங்ல துணிய நீளவாக்குல நல்லா சுருக்கிட்டா எளைச்சுப்போன துணிக்கும் ஜிஎஸ்எம் ஏறி நிக்கும், எடையில அடிபட்டது கட்டர்ல தெரியவே தெரியாது. கட்டிங்ல பீஸ் கொறஞ்சப்பவாச்சும் எனக்கு தட்டியிருக்கோணும்.

ஓவர்லாக் அடிக்கற அக்காதான் மொதல்ல சொன்னாங்க, "தம்பி, தோள்பட்டை சேக்கற எடத்துல கண்ணு கண்ணா உடுதுங்க, ஊசி மாத்தியும் நிக்க மாட்டீங்குது"ன்னு. ஒரு பீஸ ஊட்டுல வாஷிங் மெஷின்ல போட்டு எடுத்தா கழுத்துப்பட்டிகிட்ட கிழிஞ்சு வருது. நல்ல வேளையா வாஷுக்கு முந்தின நிட்டிங் துணி ஒரு துண்டு எடுத்து வெச்சிருந்தேன், ரெண்டையும் லேப்ல குடுத்து பர்ஸ்டிங் டெஸ்ட் (துணி எவ்வளவு அழுத்தம் தாங்குதுன்னு பாக்கறது) பாத்தா வாஷ் பண்ணினது பாதிகிட்டதான் தாங்குது.

என்சைம் சப்ளை பண்ற தம்பி ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட காட்டினேன். பயோவாஷ்ல போடறது செல்லுலேஸ், செடியோட நாரத் திங்கற என்சைம். பருத்தி முச்சூடும் கிட்டத்தட்ட செல்லுலோஸ்தானுங்களே, அதனால அது மேல நீட்டிட்டிருக்கற பிசிறையும் திங்கும், உட்டா நூலையும் திங்கும். இந்த என்சைம் எடுக்கற டிரைக்கோடெர்மா ரீசீங்கற பூஞ்சாணத்த கண்டுபுடிச்சதே ரெண்டாம் உலகப்போர் சமயத்துல சாலமன் தீவுல அமெரிக்க ராணுவத்தோட பருத்திக் கூடாரமெல்லாம் இத்துப்போனதுல இருந்துதானாம். அத கேட்டப்ப எனக்கு வயித்தக் கலக்கிருச்சுங்க.

ஆசிட் என்சைம்னா பிஹெச் 5 பக்கம், சூடு 50லருந்து 55 டிகிரி, முக்கா மணியிலருந்து ஒரு மணி நேரம், அத்தோட நிறுத்திப்போடோணும். நிறுத்தறதுன்னா தண்ணிய வடிக்கறது இல்ல, 80 டிகிரிக்கு ஏத்தி பத்து பதினஞ்சு நிமிசம் ஓட்டோணும், இல்லாட்டி சோடா ஆஷ் போட்டு பிஹெச்ச நல்லா ஏத்தோணும், அப்பத்தான் அது சாகும். வேலை செஞ்சு தீந்துபோற சரக்கு இல்ல அது, ஈரம் இருக்கற வரைக்கும் மெதுவா தின்னுட்டேதான் இருக்கும். சாயம் போடற லாட்டுன்னா பின்னாடி வர்ற சோடாவுலயும் சூட்டுலயும் செத்துப்போயிரும், நம்முளுது வாஷோட முடியற லாட், காப்பாத்த ஒண்ணுமே இல்ல. எடை 3லருந்து 5 சதவீதம் கொறையறது வழக்கம், 9 சதவீதம் போனா துணியோட பலத்தத்தான் வித்திருக்காங்க.

என்ன நடந்துச்சுன்னு அங்க நைட் ஷிப்ட் பாத்த பையன்தான் பொறவு சொன்னான். சனிக்கெழம ராத்திரி டிரையர் நின்னுபோச்சு, ஸ்டீம் மிச்சம்னு என்சைம கொல்லற ஹாட் வாஷும் உடல, ஈரத்துணி டிராலியில திங்கக்கெழம காத்தால வரைக்கும் கெடந்திருக்குது. சித்திரை வெயில்ல! இது மொதலாளிக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் காம்பாக்டிங்ல இறுக்கி, பில்லுல பயோவாஷ் முழு ரேட்டும் போட்டு அனுப்பியிருக்காரு. டிரையர் ரிப்பேர் ஆகறது யாருக்கும் நடக்கும், ஒரு போன் அடிச்சு சொல்லியிருந்தா நான் தைச்சிருக்கவே மாட்டேன், அதுதாங்க ஆறல. கேட்டதுக்கு உங்க நூலு சரியில்லன்னு சொல்லிட்டாரு, இப்ப போனும் எடுக்கறதில்ல.

இனி குடுக்கறவங்க டிசியிலயே (துணி கூட அனுப்பற டெலிவரி சலான்) "என்சைம் கில் பண்ணோணும்"னு எழுதி கையெழுத்து வாங்குங்க. வாஷுக்கு முந்தி ஒரு துண்டு கட்டாயம் எடுத்து வெச்சுக்குங்க. ஜிஎஸ்எம்ம மட்டும் பாத்து ஏமாறாதீங்க, எடையையும் மீட்டரையும் பாருங்க. மெலஞ்சுக்கும் மெல்லிசு துணிக்கும் நியூட்ரல் என்சைம் கேளுங்க, வெலை கூடத்தான், ஆனா அவ்ளோ கடிக்காது. கட்டிங்குக்கு முந்தி ஒரு பர்ஸ்டிங் டெஸ்ட், அதுக்காகற செலவு ஒரு ரோல் துணி வெலைகிட்டக்கூட வராது.

பார்ட்டி மொத்த ஆர்டரையும் திருப்பிட்டாரு. லாட்ல ஒரு 60 கிலோ வெட்டாம கெடக்குது, வாஷ் துண்டு, வாஷ் இல்லாத துண்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் பத்தரமா வெச்சிருக்கேன், கையில புடிச்சுப் பாக்கோணும்கறவங்க யூனிட்டுக்கு வாங்க, காட்டறேன்.