63 சனல் கலர் சோர்ட்டர்: சம்மாந்துறை, அக்கரைப்பற்று மில்களுக்குக் கட்டுமா?

கலர் சோர்ட்டர் என்பது சரிவில் விழும் அரிசியைக் கமராவால் பார்த்து, நிறம் மாறியதைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின். சனல் என்பது அரிசி வழுக்கி வரும் ஒரு கோடு; ஒவ்வொன்றுக்கும் காற்றை ஊதும் ஒரு வால்வு உண்டு. புழுங்கல் அரிசி அடிக்கும் நடுத்தர மில்லுக்கு இந்த ஒற்றைச் சரிவு மெஷின் போதும். கறுப்பு அரிசி, பழுப்பு, தப்பி வந்த நெல் எல்லாவற்றையும் நன்றாகவே ஊதித் தள்ளுகிறது. தொடுதிரையும் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் விற்பவர் சொல்லும் 99.9 வீதத்தைக் கேட்டு முற்பணம் கட்ட வேண்டாம். அது நல்ல பக்கம் விழும் அரிசியின் சுத்தம். கழிவோடு சேர்ந்து போன நல்ல அரிசி அந்தக் கணக்கில் வராது.

அதை மில்லிலேயே பார்க்கலாம். ஒரே குவியல் நெல், ஈரம் 14 வீதம். அதில் அடித்த 1000 கிலோ அரிசியை ஓட்டி, கழிவு மூட்டையை நிறுங்கள். நன்றாகக் கிளறி 100 கிராம் எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பிக் கையால் பொறுக்குங்கள். கழிவு 30 கிலோ, பொறுக்கியதில் நல்லது 60 கிராம் என்றால், 18 கிலோ நல்ல அரிசி கோழித்தீன் விலைக்குப் போகிறது. உணர்திறனை ஒரு படி இறக்கி, அதே குவியலில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். நல்ல பக்கத்திலும் 100 கிராம் எடுத்துக் கறுப்பை எண்ண மறக்க வேண்டாம். கழிவில் போகும் நல்லது குறைந்தால், இங்கே தப்பும் கறுப்பு கூடும்.

கரண்ட் கணக்கிலும் ஒரு மறைப்பு உண்டு. விளம்பரத்தாளில் இருப்பது சோர்ட்டர் இழுக்கும் கரண்ட் மட்டும். உண்மையில் அதிகம் இழுப்பது அதற்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கொம்பிரசர். கொம்பிரசருக்குத் தனி மீட்டர் பூட்டி, 100 கிலோ அரிசிக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வையுங்கள்.

எங்கள் கரையோர ஈரக்காற்றுக்குப் பெரிய தலையிடி காற்றுக் குழாய்தான். கொம்பிரசர் தாங்கித் தண்ணீரைத் தினமும் திறந்து விடாவிட்டால், காற்று உலர்த்தி இல்லாவிட்டால், வால்வு ஒட்டிக்கொள்ளும். ஒரு சனல் செத்தால் அந்தக் கோட்டில் வரும் கறுப்பு மட்டும் தப்பும். சோதனைத் திரையில் வால்வுகளை ஒவ்வொன்றாக அடித்து, ‘டிக்’ சத்தம் வராததைக் கழற்றுங்கள்.

அடுத்தது தவிடு. பொலிஷரிலிருந்து சூடாக வரும் அரிசியை நேரே ஏற்றினால் எண்ணெய்த் தவிடு கமராக் கண்ணாடியில் படியும். தானியங்கித் துடைப்பான் அதை இன்னும் பூசிவிடும். ஆறவிட்டு, தூசி உறிஞ்சி ஏற்றுங்கள்.

தார் ரோட்டில் காய்ந்து வெடித்த நெல்லுக்கு இந்த மெஷின் ஒன்றும் செய்யாது. உடைந்த குருணல் குருணலாகவேதான் வரும்.

வாங்கும்போது ஐந்தாறு வால்வையும் ஒரு காற்று வடிகட்டியையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள். பெரும்போக அறுவடை நேரத்தில் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை மில் நிற்கக் கூடாது.